ஜிலேபி, கரிமீன், ஒரு கண்ணாடித் தொட்டி

இந்தப் பதிவு மீன் வளர்ப்பு டிப்ஸ் என்று நினைத்து வந்தவர்களுக்கு முன்கூட்டியே ஒரு மன்னிப்பு. டிப்ஸ் கொஞ்சம் உண்டு. ஆனால் பாதிக்கு மேல் வரலாறுதான். சான் அந்தோனியோவில் உட்கார்ந்துகொண்டு குமுளி ஏரியை நினைத்துக் கொசுவத்தி சுற்றுவதும் நடுவில் வரும். பொறுத்துக்கொள்ளவும்.

போன வருடம் என் பெண்ணின் பத்தாவது பிறந்தநாளுக்கு மீன்தொட்டி வாங்கிக் கொடுத்தோம். நாய் வேண்டும் என்று ஆரம்பித்த பேச்சுவார்த்தை பூனை, முயல் என்று இறங்கி மீனில் வந்து நின்றது. தங்கமணிக்கு அதுவும் இஷ்டமில்லைதான். நாலடி நீளம், ஐம்பத்தைந்து கேலன், அதாவது சுமார் இருநூறு லிட்டர். கடைக்குப் போனோம். அங்கே நின்ற பையன் "சிக்லிட் எடுங்கள், கலர் கலராக இருக்கும், புத்திசாலி மீன், உங்களை அடையாளம் கண்டுகொள்ளும்" என்றான். பெண்ணுக்கு அந்தக் கடைசி வாக்கியம் போதுமாக இருந்தது. ஏஞ்சல் இரண்டு, மஞ்சள் நிற லேப் மூன்று, சிவப்பு ஜீப்ரா இரண்டு, வரி வரியாக கான்விக்ட் ஒரு ஜோடி, நீலப்புள்ளி போட்ட ஜாக் டெம்ப்சி ஒன்று. எல்லாம் விரல் நீளக் குஞ்சுகள். "எல்லாமே சிக்லிட்தானே, ஒரே குடும்பம், ஒத்துப்போகும்" என்று பில் போட்டுவிட்டான்.

ஒரே குடும்பம் என்றால் ஒத்துப்போகும் என்று நம்பிய என்னை என்ன சொல்வது? நான் எத்தனை கல்யாண வீட்டுப் பந்தியைப் பார்த்தவன்!

மூன்றாவது வாரம் ஏஞ்சல்களின் நீண்ட துடுப்புகள் நார் நாராகத் தொங்கின. ஒன்றரை மாதத்தில் இரண்டும் போய்விட்டன. கான்விக்ட் ஜோடி ஒரு பூச்சட்டிக்குள் முட்டை வைத்தது. அன்றிலிருந்து தொட்டியில் பாதி அவர்களுக்குப் பட்டா. மற்ற மீன்கள் எல்லாம் ஃபில்டர் பக்க மூலையில் அகதிகளாக நின்றன. ஜீப்ரா ஒன்று லேப் ஒன்றைத் துரத்தித் துரத்தியே கொன்றது. பெண் ஒவ்வொரு சாவுக்கும் அழுதாள். கடைசி வரை காயம் படாமல் வளர்ந்தது ஜாக் டெம்ப்சி மட்டும்தான். 1920களில் உலக ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்த குத்துச்சண்டைக்காரரின் பெயரை அந்த மீனுக்கு எதற்கு வைத்தார்கள் என்று அதற்கப்புறம்தான் போய்ப் படித்தேன்.

ஒரு நாள் ராத்திரி பெண் கேட்டாள்: "அப்பா, இதை ஆத்துல விட்டுடலாமா? அங்க நிறைய இடம் இருக்கும். யாரையும் அடிக்காது."

பதில் சொல்ல வாயைத் திறந்தவன் நிறுத்திக்கொண்டேன். எங்கள் ஊர் ஏரி ஞாபகம் வந்துவிட்டது.

குமுளி தெரியாதவர்களுக்கு: கம்பம், கூடலூர் தாண்டி லோயர் கேம்ப்பில் மலை ஏறினால் உச்சியில் ஒரு செக்போஸ்ட். அந்தப் பக்கம் கேரளா, இந்தப் பக்கம் தமிழ்நாடு. ஏலக்காய் வாசனையும் ஜீப் புகையும் கலந்த ஊர். அங்கிருந்து நாலு கிலோமீட்டரில் தேக்கடி, தேக்கடியில் பெரியாறு ஏரி. ஏரி என்கிறோமே தவிர அது இயற்கையான ஏரி கிடையாது. 1887-ல் தொடங்கி 1895-ல் முடிந்த முல்லைப் பெரியாறு அணைக்குப் பின்னால் தேங்கிய தண்ணீர். பென்னிகுவிக் கட்டிய கதை தேனிக்காரர்கள் எல்லாருக்கும் மனப்பாடம், இங்கே மறுபடி சொல்லவில்லை. படகில் போனால் தண்ணீருக்குள் கறுப்பாக நிற்கும் பட்ட மரங்களைப் பார்க்கலாம். நூற்று முப்பது வருடத்துக்கு முன் மூழ்கிய காட்டின் மிச்சம் அது. நீர்க்காகம் மேலே உட்கார்ந்து சிறகு காய வைக்கும்.

இன்னொரு விதமாகப் பார்த்தால் அதுவும் ஒரு தொட்டிதான். இருபத்தாறு சதுர கிலோமீட்டர் தொட்டி. ஓடுகிற ஆற்றை நிறுத்தி மனிதன் செய்தது. ஓடும் தண்ணீரில் பிறந்து பழகிய மீன்கள் ஒரு நாள் நின்ற தண்ணீரில் தங்களைக் கண்டன. அந்த மீன்களில் சில உலகத்தில் வேறெங்குமே கிடையாது. சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த சுந்தர ராஜ் 1941-ல் பெரியாற்று மீன்களைப் பற்றி எழுதியபோது லெபிடோபைகாப்சிஸ் என்று ஒரு புதுப் பேரினத்தையே விவரித்தார். ஆங்கிலத்தில் பெரியார் ட்ரவுட் என்பார்கள். இமயமலையின் குளிர்ந்த ஆறுகளில் இருக்கும் மீன்களோடு அதற்கு உறவு என்று அப்போது கருதினார்கள். தேக்கடிக் காட்டில் இமயமலைச் சொந்தமா என்று ஆச்சரியம். இன்று அது அழியும் அபாயத்தில் உள்ள மீன்களின் பட்டியலில் இருக்கிறது. பெரியாற்றின் பெயரையே தாங்கிய இன்னும் சில மீன்களும் அந்த நீரில்தான் உண்டு.

நான் சின்ன வயதில் இதையெல்லாம் கேள்விப்பட்டதே இல்லை. எனக்குத் தெரிந்த ஏரி மீன் ஒன்றே ஒன்று. ஜிலேபி.

ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை மன்னான், பளியர் மக்களுக்கு உண்டு. (மன்னான்களுக்கு இன்றும் ராஜா இருக்கிறார், தெரியுமா?) மூங்கில் தெப்பத்தில் போய் வலை போடுவார்கள். அந்த மீன் குமுளியில் விற்பனைக்கு வரும். அப்பா சாயங்காலம் துணிப்பையில் வாங்கி வருவார். அம்மா புளி கரைத்து, தேங்காய் அரைத்து, மண்சட்டியில் குழம்பு வைப்பாள். ஜிலேபிக்கு முள் கொஞ்சம் கெட்டி, ஆனால் பிள்ளைகளுக்குக் கொடுக்க பயமில்லை. ஏரி மீன் என்றால் இதுதான் ஆதியிலிருந்தே அங்கே இருந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வலையில் விழுவதில் பெரும்பங்கு ஜிலேபியும் காமன் கார்ப்பும்தான் என்றும், இரண்டுமே வெளியூர்க்காரர்கள் என்றும் ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அந்த ஜிலேபிதான் திலாப்பியா. திலாப்பியா நம் வாயில் சிலேப்பி ஆகி, ஜிலேபி ஆகிவிட்டது. இதுவும் ஒரு சிக்லிட். என் பெண்ணின் தொட்டியில் நின்ற அந்தக் குத்துச்சண்டைக்காரனுக்குப் பங்காளி. நான் முப்பது வருடமாகக் குழம்பில் சாப்பிட்ட குடும்பத்தை ஏழு எட்டு டாலர் கொடுத்து வாங்கி, லைட் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தங்கமணி சிரித்தாள்.

இந்த மீன் பயணப்பட்ட கதை எந்தப் புலம்பெயர்ந்தவன் கதைக்கும் குறைந்ததில்லை. சொந்த ஊர் ஆப்பிரிக்காவின் தென்கிழக்குக் கடலோர ஆறுகள். மொசாம்பிக்கில் கிடைத்ததை வைத்து ஜெர்மானியரான பீட்டர்ஸ் 1852-ல் பெயர் வைத்தார். அதனால்தான் இனப்பெயரிலேயே மொசாம்பிக் இருக்கிறது. 1930களின் பிற்பகுதியில் அது திடீரென்று ஜாவா தீவின் தென்கரையில், பிளிட்டார் பக்கம் ஒரு ஆற்று முகத்துவாரத்தில் தென்பட்டது. விரல் விட்டு எண்ணும் அளவு மீன்கள். அவற்றை எடுத்து நன்னீர்க் குளத்தில் பழக்கியவர் முஜாயிர் என்கிற உள்ளூர்க்காரர். இந்தோனேசியாவில் இன்றும் அந்த மீனுக்கு முஜாயிர் என்றே பெயர். போர் வந்தது, ஜப்பானியர்கள் வந்தார்கள். ஜாவாவில் பால் மீன் குஞ்சு கிடைப்பது கஷ்டமானபோது இதை வளர்த்தார்கள். அங்கிருந்து மலேயா, சிங்கப்பூர். அங்கே ஜப்பான் மீன் என்று பெயர் வந்தது. 1946-ல் வூ, குவோ என்று இரண்டு பேர் சிங்கப்பூரிலிருந்து தைவானுக்குக் கொஞ்சம் குஞ்சுகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். தைவானில் அது வூ-குவோ மீன். ஊருக்கு ஊர் கொண்டுவந்தவர் பெயரை வைத்தார்கள். நாம் மட்டும் பலகாரத்தின் பெயரை வைத்தோம்.

இந்தியாவில் அது கால் வைத்தது, மன்னிக்கவும், துடுப்பு வைத்தது, நம் மண்டபத்தில். ராமேஸ்வரம் போகும் வழியில் பாம்பன் பாலத்துக்கு முன்னால் வருமே, அதே மண்டபம். அங்கிருந்த மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1952 ஆகஸ்டில் பாங்காக்கிலிருந்து கொண்டுவந்தார்கள். பணிக்கரும் தம்பியும் 1954-ல் இந்த "வாயில் குஞ்சு வளர்க்கும் சிக்லிட்" பற்றி எழுதிய கட்டுரை இருக்கிறது. சுதந்திரம் வந்து ஐந்து வருடம், நாடு முழுக்க உணவுப் பஞ்சம். எந்தக் குட்டையிலும் வளரும், எதையும் தின்னும், உப்புத் தண்ணீரும் ஒத்துக்கொள்ளும், தானே பெருகும் மீன் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? அதைக் கொண்டுவந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வீட்டுச் சட்டியில் மீன் கிடந்ததற்கு அவர்களும் ஒரு காரணம்.

ஆனால் அந்த "தானே பெருகும்" என்பதில்தான் சிக்கல். பெண் மீன் முட்டைகளை வாயில் வைத்துக் காக்கிறது, பொரித்த குஞ்சும் ஆபத்து வந்தால் தாய் வாய்க்குள் ஓடும். நம் ஊர்க் கெண்டைகள் முட்டையை ஆற்று நீரில் விட்டுவிட்டுப் போகிறவை. அவற்றோடு ஒப்பிட்டால் இதன் குஞ்சு பிழைக்கும் வாய்ப்பு பல மடங்கு. வருடத்துக்குப் பல முறை இனப்பெருக்கம். நெருக்கடி வந்தால் இன்னும் கொடுமை: உடம்பு வளராமல் கையளவிலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். குளம் முழுக்கச் சின்னச் சின்ன மீனாக நிறையும், விலை போகாது. 1959-ல் இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு இதைப் பொது நீர்நிலைகளில் பரப்ப வேண்டாம் என்று தடை போட்டது. வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பார்கள். இங்கே அணைகளுக்குள்ளேயே வெள்ளம் புகுந்தாகிவிட்டது. தமிழ்நாட்டின் நீர்த்தேக்கங்கள் பலவற்றில் அதற்குள் ஜிலேபி குடியேறியிருந்தது. அமராவதி அணையில் கிடைத்த மீனில் பெரும்பங்கு அதுவேயாக இருந்த காலம் உண்டு. மலைக்கு மேலே பெரியாறு ஏரியும் தப்பவில்லை. கரையோர ஆழமற்ற இடங்களில் ஆண் ஜிலேபி வட்டமாகக் குழி தோண்டிக் காவல் காக்கும். தண்ணீர் குறையும் கோடையில் அந்தக் குழிகளை நான் பார்த்திருக்கிறேன். யானை மிதித்த தடம் என்று நினைத்தேன். உள்ளூர் மீன்கள் தின்னும் அதே பாசியையும் மக்கையும் இந்த வந்தேறிகளும் தின்கின்றன என்று ஏரியை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இலங்கையின் வறண்ட பகுதிக் குளங்களில் இதே மீன் 1950களில் வந்து, அங்குள்ள உள்நாட்டு மீன்பிடித் தொழிலையே உண்டாக்கியது. மனிதன் கட்டிய குளத்தில் நின்ற நீர் மீன் குறைவு, காலியாக இருந்த இடத்தைத்தான் இது பிடித்தது, பெரிய கெடுதல் இல்லை என்று வாதிடும் இலங்கை அறிஞர்கள் உண்டு. எனக்கு அந்த வாதம் அனுராதபுரத்துக் குளத்துக்குச் சரி என்று படுகிறது. வேறெங்கும் இல்லாத மீன்கள் இருக்கும் தேக்கடிக்குச் சரி என்று படவில்லை. இன்னொரு வேடிக்கை. இதன் தாய்நாட்டு ஆறுகளில் நைல் திலாப்பியாவைக் கொண்டுபோய் விட்டார்கள். இரண்டும் கலந்து கலப்பினம் ஆகி, தூய மொசாம்பிக் திலாப்பியா அங்கே அழியக்கூடிய நிலையில் இருக்கிறது. உலகம் முழுக்க அடாவடி செய்பவன் சொந்த ஊரில் வீட்டை இழந்து நிற்கிறான்.

சரி, நம் ஊருக்கென்று சொந்தமாக சிக்லிட்டே கிடையாதா? இருக்கிறது. அதற்கு கே.கே. ரோட்டில் கீழே இறங்க வேண்டும்.

கே.கே. ரோடு என்றால் கோட்டயம்-குமுளி ரோடு. எங்கள் அத்தையைக் கோட்டயம் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். முழுப்பரீட்சை லீவில் வண்டிப்பெரியாறு, பீர்மேடு, குட்டிக்கானம், முண்டக்கயம், காஞ்சிரப்பள்ளி என்று வளைந்து வளைந்து வாந்தி எடுத்துக்கொண்டே போய்ச் சேர்வோம். அத்தை வீட்டுக்குப் பின்னால் தோடு. அதில் பள்ளத்தி பிடிப்போம். ரூபாய் நாணயத்தை விடக் கொஞ்சம் பெரியது, மஞ்சள் உடம்பு, நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு. மாமா வாங்கி வருவது அதன் பெரியண்ணன் கரிமீன். மசாலா தடவி வாழையிலையில் சுற்றிச் சுட்டுத் தருவார்கள். கேரள அரசு 2010-ல் மாநில மீன் என்று அறிவித்ததும் இதையே. ஆக, எங்கள் ரோட்டின் ஒரு முனையில் வந்தேறி சிக்லிட், மறு முனையில் மண்ணின் மைந்தன் சிக்லிட். நடுவில் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் ரப்பரும் தேயிலையும்.

இந்தியாவில் இயற்கையாக உள்ள சிக்லிட் மொத்தமே மூன்றுதான். கரிமீன், பள்ளத்தி, கர்நாடகக் கடலோரப் பக்கம் மட்டும் உள்ள இன்னொன்று. முதல் இரண்டுக்கும் அறிவியல் பெயர் வைத்தவர் பெர்லினில் இருந்த மருத்துவர் பிளாக், 1790களில். கரிமீனின் பெயரில் சூரத் இருப்பது ஒரு தமாஷ். அந்தக் காலத்தில் தரங்கம்பாடியில் இருந்த ஜான் என்ற பாதிரியார் நம் கடற்கரை மீன்களைச் சேகரித்து பிளாக்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நன்றிக்கடனாக ஒரு மீன் பேரினத்துக்கே அவர் பெயரை வைத்தார் பிளாக். பெரியாற்றின் மீன்களுக்குப் பெயர் கிடைக்க இன்னும் நூற்றைம்பது வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த மூன்றுக்கும் மிக நெருங்கிய சொந்தக்காரர்கள் எங்கே இருக்கிறார்கள் தெரியுமா? இலங்கையில் கரிமீனும் பள்ளத்தியும் உண்டு, அது பக்கத்து வீடு. அதை விட்டால் மடகாஸ்கர். நடுவில் ஒரு கடலே இருக்கிறது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்து சுமார் 8.8 கோடி வருடத்துக்கு முன் பிரிந்தன, அப்போதே இந்த மீன்கள் இரண்டு பக்கமும் பங்கிடப்பட்டன என்பது பழைய விளக்கம். 2013-ல் வந்த ஓர் ஆய்வு இதைக் கலைத்துப் போட்டது. சிக்லிட் குடும்பமே சுமார் ஆறரைக் கோடி வருடத்துக்கு மேல் பழசில்லை, நிலம் பிரிந்து ரொம்ப நாள் கழித்துத்தான் தோன்றியது, அதனால் கடல் தாண்டித்தான் போயிருக்க வேண்டும் என்றது. கிடைத்த மிகப் பழைய சிக்லிட் புதைபடிவங்களும் டான்சானியாவில் சுமார் 4.6 கோடி வருடம்தான் பழசு. சண்டை முடியவில்லை. உப்பு நீரைத் தாங்கும் கரிமீனைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் நான் கடல் தாண்டிய கட்சி. கடல் தாண்டி வந்தவன் வேறென்ன கட்சியில் இருப்பான் :-)

மடகாஸ்கர் என்றதும் ஒரு செய்தி. 2013-ல் லண்டன் மிருகக்காட்சி சாலை, தன்னிடம் மிச்சமிருந்த மங்கரஹாரா சிக்லிட் ஆண்களுக்குப் பெண் தேவை என்று உலகம் முழுக்க விளம்பரம் செய்தது. கிட்டத்தட்ட மேட்ரிமோனியல். தொட்டிகளில் இருந்த கடைசிப் பெண் மீனை பெர்லினில் ஆணோடு சேர்த்தபோது ஆண் கொன்றுவிட்டது என்று அப்போது செய்திகளில் வந்தது. அதே வருடக் கடைசியில் மடகாஸ்கரிலேயே ஓர் ஓடையில் கொஞ்சம் மீன்கள் கிடைத்தன. ஒரே இனம், ஒரே நீர், ஆணும் பெண்ணும். அப்படியும் ஒத்துப்போகவில்லை என்றால் என் தொட்டியில் நடந்ததற்கு நான் ரொம்ப வருத்தப்பட வேண்டியதில்லை.

ஆனாலும் ஒத்துப்போகும் கணக்கு ஒன்று இருக்கத்தான் செய்கிறது. கடைப் பையன் செய்தது மூன்று கண்டத்தை ஒரே அறையில் அடைத்தது. ஏஞ்சல் அமேசான் பக்கம். மென்மையான, கொஞ்சம் அமிலத்தன்மையுள்ள, வெதுவெதுப்பான நீர். கான்விக்டும் ஜாக் டெம்ப்சியும் மத்திய அமெரிக்கா. கடின நீர், ஜோடி சேர்ந்தால் எல்லைச் சண்டை. லேப்பும் ஜீப்ராவும் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி. அங்கே சிக்லிட் மட்டும் ஐந்நூறு இனத்துக்கு மேல். பாறைப் பாசி தின்னும் வகைகளுக்குப் புழுவும் இறைச்சியும் போட்டால் வயிறு ஊதிச் சாகும். ஏஞ்சலுக்குப் போட்ட உறைந்த ரத்தப்புழுவைத்தான் ஜீப்ராவும் தின்றுகொண்டிருந்தது. அதாவது தண்ணீரில் ஒத்துப்போகவில்லை, சாப்பாட்டில் ஒத்துப்போகவில்லை, வளர்ந்தால் உருவத்தில் ஒத்துப்போகவில்லை. குணத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

மலாவி மீன் வளர்ப்பவர்கள் ஒரு விசித்திரமான தந்திரம் செய்கிறார்கள். தொட்டியில் கொஞ்சம் நெருக்கடியாகவே மீன் விடுகிறார்கள். நாலு பேர் இருந்தால் ஒருவன் ரவுடி, மூன்று பேர் அடி வாங்குவார்கள். இருபது பேர் இருந்தால் எவனாலும் எல்லை பிடிக்க முடியாது, அடி பங்காகிவிடும். அதற்கேற்ப ஃபில்டர் பெரிதாக இருக்க வேண்டும், வாராவாரம் தண்ணீர் மாற்ற வேண்டும். ஒரு ஆணுக்கு மூன்று நாலு பெண், ஒரே நிறத்தில் இரண்டு ஆண் கூடாது, ஒளிய ஏகப்பட்ட கல். குமுளி பஸ் ஸ்டாண்டில் தமிழும் மலையாளமுமாக ஜீப் டிரைவர்கள் எப்படி ஒத்துப்போகிறார்கள் என்பதற்கும் ஏறக்குறைய இதே விளக்கம்தான். 2011 டிசம்பரில் அணைப் பிரச்சினையில் எல்லையை மூடி, எஸ்டேட் தமிழர்கள் மலை இறங்கி ஓடிய நாட்களில் அந்தக் கணக்கும் தவறியது. அதைப் பற்றி இன்னொரு நாள்.

இதையெல்லாம் படித்துக் குழம்பிக் கிடந்தபோதுதான் வேறொரு கடையில் ஒரு மூலைத் தொட்டியில் அதைப் பார்த்தேன். ஆரஞ்ச் குரோமைட் என்று சீட்டு ஒட்டியிருந்தது. மஞ்சள் உடம்பு, நடுவில் கறுப்புப் பொட்டு. நான் "பள்ளத்தி!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற அம்மணி நகர்ந்து போய்விட்டார். அத்தை வீட்டுத் தோட்டில் ஈர்க்குச்சியில் தூண்டில் கட்டிப் பிடித்தது, டெக்சாஸில் விலைச்சீட்டோடு நிற்கிறது. சான் அந்தோனியோ குழாய்த் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைக்கு அடியிலிருந்து வருகிறது, கெட்டிலில் வெள்ளையாகப் படியும். பள்ளத்திக்குக் கடின நீர்தான் பிடிக்கும், லேசான உப்பிருந்தாலும் சரி. என் ஊர்க்காரனுக்கு என் தண்ணீர் ஒத்துப்போகிறது!

அப்புறம் பள்ளத்தியைப் பற்றித் தேடியதில் கிடைத்த ஒரு விஷயம் என்னை அசர வைத்தது. ஒயிமன், வார்டு என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1972-ல் எழுதியது. அவர்கள் இலங்கையின் களப்புகளில் இந்த மீன்களைக் கவனித்தவர்கள். கரிமீனின் உடம்பிலும் துடுப்பிலும் ஒட்டுண்ணி, பூஞ்சை பிடித்தால் இளம் பள்ளத்திகள் போய்க் கொத்திச் சுத்தம் செய்கின்றன. கரிமீன் அசையாமல் காட்டிக்கொண்டு நிற்கிறது. அதே பள்ளத்தி வளர்ந்தபின் சமயம் பார்த்துக் கரிமீனின் முட்டையையும் குஞ்சையும் தின்கிறது. இரண்டும் ஒரே நீரில் லட்சக்கணக்கான வருடமாக இருக்கின்றன. உதவியும் உண்டு, திருட்டும் உண்டு, யாரும் அழிந்துபோகவில்லை.

ஜாக் டெம்ப்சி விஷயத்துக்கு வருகிறேன். பெண்ணை ஒரு சனிக்கிழமை சான் அந்தோனியோ ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனேன். தண்ணீருக்குள் உறிஞ்சுவாய்க் கெளுத்திகளைக் காட்டினேன். தென் அமெரிக்க மீன், தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்ய வாங்குவார்கள், அடி நீளம் வளர்ந்ததும் பயந்து ஆற்றில் விட்டுவிடுவார்கள். இப்போது ஆறு முழுக்க அவைதான், கரையில் வளை தோண்டுகின்றன. இங்கே அயல் மீனை ஆற்றில் விடுவது சட்டப்படியும் குற்றம். இந்த மாநிலத்தின் தெற்கு எல்லையில் ரியோ கிராண்டே சிக்லிட் என்று ஒன்று உண்டு, அமெரிக்காவுக்குச் சொந்தமான ஒரே சிக்லிட். அதையே வடக்கே உள்ள ஆறுகளில் கொண்டுவந்து விட்டபோது அங்கேயும் அது வந்தேறிதான் என்று சொன்னேன்.

"ஒரே ஒரு மீன்தானேப்பா" என்றாள்.

ஜாவாவில் விரல் விட்டு எண்ணும் அளவு மீனில் தொடங்கி எங்கள் ஏரி வரை வந்த கதையைக் காரில் திரும்பும்போது சொன்னேன். 2018 வெள்ளத்தில் கேரளத்தில் குளங்களும் பண்ணைகளும் உடைந்து, பெரியாற்றின் கீழ்ப்பகுதியிலும் சாலக்குடி ஆற்றிலும் அரபைமாவும் முதலை மூஞ்சி மீனும் வலையில் வந்ததையும் சொன்னேன். ஏரியில் ஜிலேபி வந்தபிறகு அந்த இமயமலை மீன் என்ன ஆச்சு என்று கேட்டாள். ஏரியை விட்டு மேலே காட்டுக்குள் ஓடும் ஓடைகளில் இருக்கிறது, குறைவாக இருக்கிறது என்றேன். அப்புறம் வீடு வரும் வரை பேசவில்லை.

ஜாக் டெம்ப்சி இப்போது என் ஆபீஸ் நண்பர் ஒருவரிடம் தனித் தொட்டியில், தனி ராஜாவாக இருக்கிறது. கான்விக்ட் ஜோடியையும் மிச்ச ஆப்பிரிக்கர்களையும் ஊர் மீன் வளர்ப்போர் குழுவில் ஆளுக்கொருவர் எடுத்துக்கொண்டார்கள். கடையும் திரும்ப எடுத்துக்கொள்ளும், காசு தர மாட்டார்கள், அவ்வளவுதான். நம் தொட்டியில் ஆறு பள்ளத்தி, எட்டு மோலி, கொஞ்சம் கல், ஒரு பழைய பூச்சட்டி. கரிமீன் வாங்கலாமா என்று ஆசைதான். அது கையகலத்துக்கும் மேலே வளரும், இந்தத் தொட்டி காணாது. தங்கமணி வேறு வாழையிலையைத் தேட ஆரம்பித்துவிடுவாள்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஜோடி பூச்சட்டியின் உள்பக்கம் முட்டை வைத்தது. அப்பாவும் அம்மாவும் மாறி மாறித் துடுப்பால் விசிறின. மோலிகளைத் துரத்தின, ஆனால் கொல்லவில்லை. போன ஞாயிறு குஞ்சுகள் நீந்தி வந்து பெற்றோரின் உடம்பில் உரசி உரசி, தோலில் சுரக்கும் கோழையைக் கொத்தித் தின்றன. இந்த மீன்களின் வழக்கமே அது. பெண் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் எழவில்லை.

வீடியோ காலில் அப்பாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"இது கோட்டயத்து அத்தை வீட்டுத் தோட்டு மீனு மாதிரி இருக்கேப்பா. இதைப் போயா காசு குடுத்து வாங்குன?"

"ஆமாப்பா. அங்க இன்னைக்கு என்ன குழம்பு?"

"ஜிலேபிதான். வேற என்ன கெடைக்குது?"